பாக்கியும் விசாவும்: எட்டாம் வகுப்பில் ஒரு கூட்டு வட்டிப் பாடம்

குமாரபாளையத்தில் கணிதம் கற்பிக்கும் எனக்கு, எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ இயலில் கூட்டு வட்டியை நடத்துவது எப்போதுமே எளிது. இங்குள்ள பிள்ளைகளுக்கு வட்டி புதிய சொல் அல்ல. காலையில் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் தறிச்சத்தம். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ விசைத்தறி ஓட்டுபவர்கள். தறிப்பட்டறையில் சேரும்போது வாங்கும் முன்பணத்துக்கு இங்கே ‘பாக்கி’ என்று பெயர். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார், பாக்கியும் ஆளோடு இடம் மாறும்.

சென்ற ஆண்டு இந்தப் பாடம் வேறு திசையில் போனது. முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி இடைவேளையில் வந்து, “சார், ஒன்றரை லட்சத்துக்கு மூணு வட்டின்னா மாசம் எவ்ளோ சார்?” என்று கேட்டாள். நாலாயிரத்து ஐந்நூறு என்றேன். எதற்கென்று விசாரித்தேன். அவளுடைய அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். சென்ட்ரிங் வேலை செய்கிறான். கத்தாரில் கட்டட வேலை, கம்பெனியே விசா தரும், சாப்பாடு தங்குமிடம் இலவசம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றரை லட்சம். நாற்பதாயிரம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

மறுநாள் அண்ணன் பெயரைச் சொல்லாமல் அதையே கணக்காகக் கரும்பலகையில் எழுதினேன். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம் தராத முதலாளி 500 ரியாலும், உணவு தராதவர் 300 ரியாலும் கூடுதலாகத் தர வேண்டும். ஒரு ரியாலை 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். மாதம் 23,000. அங்கே கைச்செலவு 6,900 போனால் வீட்டுக்கு 16,100 வரும். முழுவதையும் கடனுக்கே கட்டினால் எத்தனை மாதம்? “பத்து மாசம் சார்” என்று பலர் உடனே சொன்னார்கள். வட்டியை மறந்துவிட்டார்கள். முதல் மாதம் வட்டி 4,500 போக அசலில் 11,600தான் குறைகிறது. அடுத்த மாதம் வட்டி 4,152. குழுவாக உட்கார்ந்து மாதம் மாதமாகப் போட்டதில் பன்னிரண்டாம் மாதத்தில்தான் கடன் தீர்ந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் பாதி வட்டிக்கடைக்கே உழைத்தது. வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

முதல் இரண்டு மாதச் சம்பளம் பிடித்துவைக்கப்பட்டால்? கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து கடன் 1,59,135 ஆகிறது. தீர்வது பதினான்காம் மாதம். கூட்டு வட்டி என்றால் என்னவென்று அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது ஒரு மாணவன், “இதுவும் பாக்கி மாதிரிதான் சார்” என்றான். அந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டேன். வளைகுடா நாடுகளில் தொழிலாளியின் விசா அவரை அழைத்த முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். இதைக் கஃபாலா முறை என்பார்கள். கத்தாரில் 2020 வரை முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேலை மாற முடியாது. அந்த ஆண்டு சட்டம் மாறியது. ஆனால் ஊரில் மூணு வட்டி ஓடிக்கொண்டிருப்பவனுக்கு வேலையை உதறிவிட்டு வரும் துணிவு எங்கிருந்து வரும்? சட்டம் அவிழ்த்த முடிச்சைக் கடன் மறுபடி போட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்புக்கு இது அதிகம் என்று நினைக்க வேண்டாம். தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்த பாடவேளையை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வைத்தேன். இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. இந்தத் தொகையை அதே மூணு வட்டிக்கு வாங்கினால் மூன்றாம் மாதத்திலேயே கடன் முடிந்துவிடுகிறது. மாணவர்களே போட்டுப் பார்த்த கணக்கு இது. ஒன்றரை லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்து வகுப்பு சற்று நேரம் அமைதியானது.

நம் ஆசிரியர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகையில் வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை. சென்னையில் அந்த அலுவலகம் உள்ளது. ஊரில் இதை ஒரு குறையாகப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த அனுமதிக்காகத்தான் வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளியின் விவரம் எல்லாம் ஓர் அரசு அலுவலரின் பார்வைக்குப் போகின்றன. பத்து லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதீய பீமா காப்பீடும் இதோடு சேர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான். இவை எதுவும் வேண்டாம் என்பதற்காகத்தான் சில ஏஜெண்டுகள் ‘விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார்கள்.

சிங்கப்பூர் அந்த 18இல் இல்லை. அங்கே வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். கட்டடத் தொழிலாளிக்கு வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது முதலாளி. அரசுக்கு மாதத் தீர்வை கட்டுவதும் அவரே. இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைத்தொகைக்கு அவர்தான் பொறுப்பு. இவற்றைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. கிளம்பும் முன் வரும் முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தில் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். அதைத் தமிழில் படித்துப் பார்த்துவிட்டே விமானம் ஏற வேண்டும். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருப்பதையும் அன்று சொன்னேன். பெற்றோர் பலருக்கு அது புதுச் செய்தி.

பாடம் முடிந்த வாரத்தில் அந்த மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். “பாப்பா தினமும் பேப்பர்ல கணக்குப் போட்டுப் போட்டு அண்ணன்கிட்ட நீட்டறாளுங்க சார், ரெண்டுக்கும் சண்டை” என்றார். ஏஜெண்ட் கொடுத்த தாளைக் கொண்டு வந்திருந்தார். பதிவு எண் எதுவும் இல்லை. இ-மைக்ரேட்டில் தேடினோம், அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. விசா எந்த வகை என்று போனில் கேட்கச் சொன்னேன். விசிட் விசாதான் என்று பதில் வந்தது. பையனின் பாஸ்போர்ட்டோ இ.சி.ஆர்.

மிச்சப் பணத்தை அவர்கள் கட்டவில்லை. கொடுத்த நாற்பதாயிரத்தில் பத்தாயிரம் மட்டும் பல நடைக்குப் பிறகு திரும்பியது. மீதிக்கு இன்னும் வட்டி கட்டுகிறார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுக்க நான் எழுதிக்கொடுத்தேன், ‘தெரிஞ்சவருங்க சார்’ என்று தயங்கி வைத்துவிட்டார்கள். பையனுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. கோயம்புத்தூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத விண்ணப்பம் எப்போது வரும் என்று தங்கையிடம் கேட்டு அனுப்பியிருந்தான். தேதியைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.