குறைமாதப் பிள்ளைக்கு லீவை உடைத்து எடுங்கள்

மனைவி கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலோ பூம்பாறையிலோ இருக்கிறார். நீங்கள் லடாக்கில். பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஊர் சேருகிற மாதிரி லீவு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். படையில் இருக்கும் அப்பாக்கள் பெரும்பாலும் போடும் கணக்கு இதுதான். 37 வாரத்துக்கு முன்பே வலி வந்துவிட்டால் அது கவிழ்ந்துவிடும்.

ராணுவ ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு). பொதுவாக இரண்டையும் ஒட்டவைத்து எடுக்க முடியாது. குறைமாதக் குழந்தை விஷயத்தில் அதுவே உங்களுக்கு வசதி. செய்தி வந்ததும் சி.எல்.லில் ஓடி வாருங்கள். ஆண்டு விடுப்பில் பெரும்பகுதியை டிஸ்சார்ஜ் நாளுக்கு வைத்திருங்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளில் மத்திய அரசு ஊழியர் விதிப்படி இரண்டு குழந்தைகள் வரை 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம்.

ஏன் உடைத்து எடுக்க வேண்டும்? முப்பது வாரத்தில் பிறந்த குழந்தை பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும். அந்த நாட்களில் உங்களுக்கு அங்கே வேலை குறைவு: மருந்து வாங்குவது, கையெழுத்துப் போடுவது, மனைவிக்குத் துணையாக இருப்பது. உண்மையான வேலை டிஸ்சார்ஜ் ஆனபின் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். மார்போடு மார்பாகச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பும் இருக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை இது. அம்மா அசந்து தூங்கும் நேரத்தில் அப்பாவின் மார்பும் போதும். பிறந்து ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனையும் முடிய வேண்டும். தவறவிட்டால் பார்வையே போகலாம். மலையிலிருந்து குழந்தையை அதற்குத் தூக்கிப்போக ஓர் ஆள் வேண்டும். லீவை முதல் வாரத்திலேயே கரைத்தவர் அந்த நாளில் எல்லையில் இருப்பார்.

மலைக்குளிரையும் கணக்கில் சேருங்கள். மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானலில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். எடை கூடாத குழந்தைக்கு அது ஆகாது. வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ ஒரு மாத வாடகைக்கு வீடு பார்ப்பது வீண்செலவு இல்லை. இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், முந்தைய பிரசவமும் குறைமாதம் என்று டாக்டர் எச்சரித்திருந்தால் ஏழாம் மாதமே மனைவியைக் கீழே இறக்கிவிடுங்கள். வளைகாப்பைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். மாமியார் முறைத்தால் முறைக்கட்டும். குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே அம்மாவுக்குப் போட வேண்டும். வலி வந்தபின் 108இல் மலைப்பாதை இறங்கி மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ தேனி மருத்துவக் கல்லூரிக்கோ போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கைநழுவிவிடலாம்.

இனி தாள்கள். தந்தி அடித்து லீவு வாங்கிய காலம் 2013 ஜூலையில் தந்திச் சேவையோடு முடிந்தது. அமெரிக்கப் படையில் இப்படிப்பட்ட அவசரச் செய்தியைச் செஞ்சிலுவைச் சங்கம் சரிபார்த்து அதிகாரிக்கு அனுப்புகிறது. நமக்கு மருத்துவமனைக் கடிதம்தான் ஆதாரம். கர்ப்பம் எத்தனை வாரம், தாய் சேய் நிலை என்ன, டாக்டரின் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். திண்டுக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகவரியையும் வீட்டில் கொடுத்து வையுங்கள். பெயர் அப்படி இருந்தாலும் பணியில் இருப்பவர் குடும்பமும் அங்கே உதவி கேட்கலாம். போஸ்ட்டில் உங்கள் செல்போனுக்கு சிக்னல் இருக்காது. அதனால் கம்பெனி ஆபீஸ் எண் வீட்டில் ஒருவரிடம், ஒருவரிடம் மட்டும், இருக்க வேண்டும். மச்சான் ஒரு நிலவரமும் சித்தப்பா இன்னொரு நிலவரமும் சொன்னால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும்.

பயணத்தில் பணத்தைப் பார்க்காதீர்கள். லேயில் வானிலை சரியானால்தான் விமானம். ஒரு நாள் அங்கேயே போகலாம். டெல்லியிலிருந்து ரயில் என்றால் இரண்டு நாள் போய்விடும். மதுரைக்கு விமானத்தில் வந்துவிடுங்கள். மனைவி எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டுவிட்டு வண்டி பிடியுங்கள், பழக்கத்தில் மலை ஏறிவிடாதீர்கள். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் வேண்டாம்.

"தோனியே போகவில்லையே" என்பார் யாராவது. 2015 பிப்ரவரியில் மகள் பிறந்தபோது அவர் உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். நம் சின்னப்பம்பட்டி நடராஜனும் ஆஸ்திரேலியத் தொடர் முடிந்து, 2020 நவம்பரில் பிறந்த மகளைப் பார்க்க 2021 ஜனவரி வரை காத்திருந்தார். அதே தொடரில் கோலி ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு மனைவியின் பிரசவத்துக்குத் திரும்பினார். யாருடைய நாட்டுப்பற்றும் இதில் குறையவில்லை. லீவு கேட்கத் தயங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒப்புதல் வராமல் கூடுதலாகத் தங்குவது. ராணுவச் சட்டம் 1950, பிரிவு 39இன்படி அது குற்றம். நீட்டிப்பு வேண்டுமென்றால் லீவு முடியும் முன்பே புதிய மருத்துவக் கடிதத்தோடு கேளுங்கள். திரும்பும்போது பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பிறப்பைப் படை ஆவணத்தில் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' வந்தால்தான் ஆவணத்தில் குழந்தை உங்கள் குழந்தை.

மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறதென்றால், அந்தக் கம்பெனி ஆபீஸ் எண்ணை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.