மழையும் தூசியும் காமிராவும்

வெளிக்களப் பணிக்காக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா வாங்க முற்படும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் முதலில் எழும் வினா, “எது உறுதியானது?” என்பதேயாகும். விற்பனைப் பிரசுரங்கள் இதற்கு இரு விடைகளைத் தருகின்றன. ஒன்று, ஷட்டர் எத்தனை முறை இயங்கும் என்னும் எண்ணிக்கை. மற்றொன்று, காமிரா மழையையும் தூசியையும் தாங்கும் என்னும் வாக்கியம். முன்னது துல்லியமாக உள்ளது; ஆனால் அதனால் நமக்கு அதிகப் பயனில்லை. பின்னதே நமக்கு வேண்டுவது. அதற்கோ பெரும்பாலும் அளவு கூறப்படுவதில்லை.

கானன் 5டி மார்க் 4 (2016) காமிராவின் ஷட்டர் 1,50,000 முறையும், நிக்கான் டி850 (2017) காமிராவின் ஷட்டர் 2,00,000 முறையும், கானன் 1டி எக்ஸ் மார்க் 3 (2020) காமிராவின் ஷட்டர் 5,00,000 முறையும் இயங்குமாறு சோதிக்கப்பட்டவை எனத் தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். ஆண்டிற்கு 200 நாட்கள், நாளொன்றுக்கு 50 படங்கள் எடுக்கும் ஊழியருக்கு ஆண்டில் 10,000 படங்களே ஆகும். அவருக்கு முதலில் கூறிய காமிராவே 15 ஆண்டுகளுக்குப் போதுமானது. அதற்கு முன்னரே ரப்பர் உறுப்புகள் முதுமையடைந்துவிடக் கூடும். ஆகவே ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் கருதி அதிக விலை கொடுப்பது நம் போன்றோருக்கு வேண்டாத செலவு.

உடற்பகுதியைப் பற்றி விரிவாகக் கூற வேண்டுவதில்லை. விலையுயர்ந்தவற்றில் மக்னீசியக் கலப்புலோகமும், விலை குறைந்தவற்றில் பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கும் பயன்படுகின்றன. கலப்புலோகம் விறைப்பானது, அடியைத் தாங்கும். ஆனால் நீர் சுவரின் வழியாக நுழைவதில்லை. இணைப்புகளின் வழியாகவே நுழைகிறது. பொத்தான்கள், சுழல் குமிழ்கள், பாட்டரி மூடி, அட்டை மூடி, லென்ஸ் பொருந்தும் வளையம் ஆகியவையே அந்த வாயில்கள். பென்டாக்ஸ் கே-1 (2016) காமிராவில் இத்தகைய இடங்களில் 87 அடைப்புகள் வைக்கப்பட்டுள்ளன. கானன் 1500டி (2018) போன்ற தொடக்க நிலைக் காமிராக்களில் இவ்வகைக் காப்பு இல்லை.

இங்கே பலர் கவனியாது விடும் விஷயம் ஒன்றுண்டு. காப்புடைய காமிராவில் காப்பற்ற லென்ஸைப் பொருத்தினால், பொருத்து வளையத்தின் வழியாக நீர் உள்ளே செல்லலாம். கானனின் 17–40 மி.மீ. லென்ஸ் காப்புடையதேயாயினும், அதன் முன்புறத்தில் வடிகட்டிக் கண்ணாடி ஒன்றைத் திருகிய பின்னரே அக்காப்பு முழுமையடைகிறது. மாறாக, பென்டாக்ஸ் 2009-இல் வெளியிட்ட மலிவான 18–55 மி.மீ. ‘டபிள்யூ.ஆர்.’ லென்ஸ் மழைக் காப்புடன் வந்தது. காமிராவை மட்டும் ஒப்பிட்டுப் பட்டியல் தயாரிப்பதால் பயனில்லை. லென்ஸையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

சொல்லிலும் எச்சரிக்கை தேவை. ‘வெதர் ரெஸிஸ்டன்ட்’ என்பதும் ‘வாட்டர் புரூஃப்’ என்பதும் வெவ்வேறு. முன்னது ஓரளவு தாங்குவது. பின்னது நீர் புகாதது. இரண்டையும் ‘நீர் புகாதது’ என்றே தமிழில் எழுதிவிட்டால், படிப்பவர் காமிராவுடன் ஆற்றில் இறங்கிவிடுவார். இதனை அளக்க ஐ.இ.சி. 60529 என்னும் சர்வதேசத் தரம் உள்ளது. ‘ஐ.பி.’ எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம் தூசி போன்ற திடப்பொருள்களையும், இரண்டாம் இலக்கம் நீரையும் குறிக்கும். நீரில் 1 என்பது செங்குத்தாக விழும் துளிகள். 3 என்பது சாய்ந்து தெறிக்கும் தூறல். 4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீர். 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் அமிழ்தல். எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இவ்வெண்ணைக் கூறுவதில்லை. கண்ணாடியற்ற வகையைச் சேர்ந்த, மழைக்கு அஞ்சாதது எனப் புகழ் பெற்ற ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ் (2019) பெற்ற நீர் இலக்கம் 1 மட்டுமே!

நம் நாட்டிற்கு மழையைவிட வஞ்சகமான பகை ஈரக்காற்று. டி850-க்குக் குறிக்கப்பட்ட இயக்க எல்லை 0 முதல் 40 டிகிரி சென்டிகிரேடும், 85 சதவீத ஈரப்பதமும் ஆகும். பருவமழைக் காலத்தில் கடற்கரையிலும் சிரபுஞ்சி போன்ற மலைப்பகுதியிலும் காற்று இவ்வீரப்பத எல்லையைக் கடப்பது சாதாரணம். 33 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றின் பனிநிலை ஏறக்குறைய 29 டிகிரி. குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் இருந்த காமிராவை அக்காற்றில் எடுத்தவுடன் அதன்மீது நீர் படியும். ஐஸ் நீர் உள்ள கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதை வகுப்பில் காட்டி ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். அறையை விட்டு வெளியேறுமுன் காமிராவைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டி, வெளி வெப்பத்தை அடைந்த பின்னரே பையைத் திறக்க வேண்டும்.

லென்ஸ்களில் பூஞ்சை படர்வதற்கும் ஈரமே காரணம். சேமிக்கும் பெட்டியில் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்திற்குள் வைத்திருப்பது நன்று. சிலிக்கா ஜெல் இட்டால், அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம். மாற்றாது விட்டால் அதனால் பயனில்லை.

பாலைப் பகுதியில் பணியாற்றுவோர்க்கு வேறொரு தொல்லை. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் துருத்தி போல் காற்றை உள்ளிழுக்கும். காற்றுடன் நுண்தூசியும் செல்லும். அங்கே லென்ஸை வெட்டவெளியில் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். கடலோரத்தில் உப்புத் தெறித்திருப்பின், நல்ல நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முழுவதும் உலரும்வரை பாட்டரி மூடியைத் திறத்தல் ஆகாது.