அடுப்புக்கரி மருந்தாகுமா?

கேள்வி: குழந்தை தவறுதலாக மாத்திரையை விழுங்கிவிட்டால் அடுப்புக்கரியைக் கரைத்துக் கொடுக்கலாமா? எங்கள் கிணற்று உப்புநீரைக் கரி மாற்றுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்கவே வேண்டாம், அம்மா. மருத்துவக் கரி வேறு. கொட்டாங்குச்சிக் கரி போன்றவற்றை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் பக்குவப்படுத்தும்போதுதான் நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு! நஞ்சு அதில் ஒட்டிக்கொள்வதால் இரத்தத்தில் கலப்பது குறையும். அதுவும் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பலன். மண்ணெண்ணெய், ஆசிட், இரும்புச்சத்து மாத்திரை இவற்றுக்கு உதவாது. மயங்கிய பிள்ளையின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தோல் ஷாப்பு எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் உப்பேறிய கிணறுகள் நம் ஊரில் பல. கரி வடிகட்டி நாற்றத்தையும் குளோரினையும் எடுக்கும், உப்பை எடுக்காது. அதற்கு ஆர்.ஓ. இயந்திரம்தான் வேண்டும்.