முதலில் கழுத்து நாடி

கேள்வி: திருப்பதியில் நர்சிங் படிக்கிறேன். ஈசிஜி தாளை எடுத்தாலே பதற்றம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சித்தூர்

பதில்: நோயாளியிடமிருந்து தொடங்கும்மா. மானிட்டரில் அலை தாறுமாறாகக் குதித்தால், அவரைக் கூப்பிட்டுக்கொண்டே கழுத்தில் நாடி பார். பல் துலக்கும் கை ஆடினாலே திரையில் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் போலத் தெரியும். லீட் கழன்றால் நேர்கோடு ஓடும். பேச்சு, மூச்சு, நாடி எதுவுமே இல்லையென்றால் உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனுக்கு ஷாக் உண்டு. உண்மையான நேர்கோட்டுக்குக் கிடையாது; சினிமாவில் காட்டுவது தவறு.

தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடும்; ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு சீராக இருந்தால், இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே உள்ள பெரிய கட்டங்களால் 300-ஐ வகு. நான்கு கட்டமென்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. துடிப்பு சீரற்று வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்தக் கணக்கு ஏமாற்றும். அப்போது 30 பெரிய கட்டங்களுக்குள் வரும் துடிப்புகளை எண்ணி 10-ஆல் பெருக்கு.

நீ படிக்கும் திருப்பதியில் 2021-ல் தேவஸ்தானம் தொடங்கிய பத்மாவதி குழந்தைகள் இருதய மையம் போன்ற இடத்தில் வேலை அமைந்தால், பெரியவர்களின் துடிப்பு அளவை அங்கே கொண்டுபோகாதே. பச்சிளங்குழந்தைக்கு 140 இயல்புதான். 60 என்பது ஆபத்து.