பழைய புல்வெட்டும் பொறிகள் கற்பிக்கும் பாடம்

உவமை புலவர்க்கே உரியதென மாணவர் பலர் எண்ணுவர். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாக உவமை தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்தனர். இவற்றுள் வினையொப்புமை ஒன்றைக் கண்டு, அதனைச் செய்யுளிலன்றி இரும்பிலே அமைத்த பொறிவினைஞர் ஒருவரின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. அதற்குச் சான்றாக நிற்பன, இங்கிலாந்தின் அரும்பொருட்சாலைகளில் எஞ்சியுள்ள பழைய புல்வெட்டும் பொறிகளாம்.

குளொஸ்ரர்சயரிலுள்ள ஸ்ரவுட் நகர்ப்புறம் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றது. அங்கே துணியின்மேல் எழுந்து நிற்கும் மயிரை, சுழலும் அலகுகள் பூட்டிய பொறியொன்று ஒரே மட்டமாகக் கத்தரித்தது. எட்வின் படிங் என்பார் அதனை நோக்கினார். துணிமேல் மயிர் எவ்வாறோ, அவ்வாறே நிலத்தின்மேற் புல் என்பது அவர்க்குப் புலனாயிற்று. துணியைப் பொறிக்குட் செலுத்தலாம். நிலத்தைச் செலுத்தல் ஆகாது. ஆதலின் பொறியையே நிலத்தின்மேற் செலுத்தினார். 1830ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். ஜோன் பெரபீ என்பார் பொருளுதவித் தமது இரும்பாலையில் அதனைச் செய்வித்தார்.

அதற்கு முன்னர், நீண்ட பிடியுடைய அரிவாள் கொண்டே புற்றரையைச் செப்பனிட்டனர். பனியீரம் உலருமுன் அரிதல் வேண்டும். கைதேர்ந்தோர்க்கன்றி மட்டம் அமையாது.

இலண்டன் அறிவியல் அரும்பொருட்சாலையிலும் ஸ்ரவுட் அரும்பொருட்சாலையிலும் படிங் முறையில் அமைந்த தொடக்ககாலப் பொறிகள் உள. பின்னுள்ள உருளை நிலத்தில் உருள, வார்ப்பிரும்புப் பற்சக்கரங்கள் அச்சுழற்சியை விரைவாக்கி முன்னுள்ள அலகுகளுக்கு அளிக்கும். திருகாக வளைந்த அவ்வலகுகள் அசையாத அடியலகை நெருங்கிச் சுழன்று, கத்தரிக்கோல்போற் புல்லை நறுக்கும். பின்னின்று ஒருவர் தள்ளுதற்கும், வேண்டின் முன்னின்று மற்றொருவர் இழுத்தற்கும் பிடிகள் உண்டு. பொறியின் பாரத்தை அம்முன்பிடியினும் தெளிவாக எந்நூல் உரைக்கும்?

பிற்காலப் பொறிகளும் இவ்வாறே பேசுகின்றன. 1832 முதல் இப்சுவிச் நகரின் றான்சம் நிறுவனத்தார் உரிமம் பெற்றுப் படிங்கின் பொறியைச் செய்தனர். 1840களில் ஸ்கொத்துலாந்தின் ஷாங்ஸ் என்பார் குதிரையால் இழுக்கும் பெரும்பொறிகளை ஆக்கினார். குளம்பு பதியாதவாறு குதிரைகளுக்குத் தோற்காலணி பூட்டினர். அவற்றுள்ளும் சில எஞ்சியுள. 1859இல் லீட்ஸ் நகரின் தோமஸ் கிறீன் பற்சக்கரத்தை நீக்கிச் சங்கிலியைப் பூட்டினார். ஓசை குறைந்தமையால், ஓசையின்றி அரிவோன் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். 1902இல் றான்சம் நிறுவனத்தார் பெற்றோலால் இயங்கும் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

படிங் 1846இல் இறந்தார். மட்டமான புற்றரையை வேண்டிநிற்கும் டெனிஸ் போட்டி விம்பிள்டனில் 1877இலேயே தொடங்கிற்று. தாம் கண்ட ஓர் ஒப்புமை இத்துணைப் பரந்து பயன்படுதலை அவர் கண்டிலர்.

தேய்ந்த இரும்பு உலைக்குச் செல்வதே உலகியல்பு. பயன் தீர்ந்த பின்னும் எவரோ ஒருவர் கொட்டிலின் மூலையிற் கிடக்கவிட்டமையாலன்றோ இச்சான்றுகள் நமக்குக் கிட்டின! எனவே பழைய மாணவர்காள், உங்கள் இல்லத்திற் பாட்டனார் கையாண்ட கருவியொன்று கிடப்பின், அதனை இரும்பு வாங்குவோனிடம் கொடுக்குமுன் அதன் பெயரையும் தொழிலையும் எழுதிவைமின். மாணவர்காள், நீவிர் பாடநூலில் உவமையைக் கற்குங்கால், பட்டறையிலும் வயலிலும் அதனைத் தேடுமின். ஒப்புமை காணும் கண் கவிஞனுக்கு மட்டும் உரியதன்று.