பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லவாசிகளின் மனநலம்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் தடையுத்தரவும், அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. விழுப்புரம் சந்திப்பில் பயணிகள் இரயில்கள் நின்றன. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலை வெறிச்சோடியது. சென்னையில் பணிபுரியும் மகன், விழுப்புரத்து முதியோர் இல்லத்திலுள்ள தாயைக் காண இ-பாஸ் பெற வேண்டியிருந்தது. ஆகஸ்ட் இறுதி வரை இந்நிலை நீடித்தது. சென்னைக்கும் நம் மாவட்டத்துக்கும் இடையே பொதுப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7ஆம் நாள்தான். அனுமதி பெற்று வந்தவர்களும் பல இல்லங்களில் வாயிலோடு திரும்ப நேர்ந்தது.

வாயிலை மூடியதற்குத் தக்க காரணம் இருந்தது. கோவிட் நோயால் இறக்கும் வாய்ப்பு முதியோருக்கே மிகுதி. பலர் ஒரே கூடத்தில் உண்டு உறங்கும் இல்லத்தில் ஒருவருக்கு வந்த தொற்று விரைவில் அனைவருக்கும் பரவும். ஆயினும் தொற்றைத் தடுத்த அதே கதவு, முதியோரை உயிர்ப்புடன் வைத்திருந்த உறவையும் தடுத்தது. அந்நாள்கள் கடந்துவிட்டன என்றாலும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ பரவும் காலங்களில் இல்லங்கள் இன்றும் சில நாள்கள் பார்வையாளர்களை நிறுத்திவைக்கக் கூடும். அப்போது குடும்பத்தினர் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தனிமை உடலையும் தாக்கும்

பேச ஆளில்லாத முதியவர் முதலில் நடையைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறைந்தால் பசி குறைகிறது. பகலில் உறங்குவதால் இரவில் உறக்கம் கெடுகிறது. சில வாரங்களில் தசை வலுவிழந்து, எழுந்து நிற்கவே துணை தேவைப்படுகிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2020இல் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்குரிய, மாற்றியமைக்கத்தக்க 12 காரணிகளைப் பட்டியலிட்டது. சமூகத் தனிமை, மனச்சோர்வு, செவித்திறன் குறைவு ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும்.

முகக்கவசமும் ஒரு தடையாயிற்று. காது மந்தமான முதியோர் பலர் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கின்றனர். பணியாளரின் வாய் மறைக்கப்பட்டபோது அவர்களுக்குச் சொற்கள் எட்டவில்லை. “பாட்டி இப்போது யாரிடமும் பேசுவதில்லை” என்று சொல்லப்பட்ட சிலருக்கு உண்மையில் காது கேட்கவில்லை என்பதே குறை.

மூன்று நிலைகளைப் பிரித்தறிக

முதியவர் ஒருவர் மாறிவிட்டார் என்று தோன்றினால், “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடலாகாது. அம்மாற்றம் எத்தனை நாளில் வந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

1. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்த குழப்பம்: ஆளை அடையாளம் தெரியாமை, பகல் இரவு மாறிப்போதல், இல்லாததைக் காணுதல், அல்லது வழக்கத்துக்கு மாறான மயக்க உறக்கம். மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பர். தொற்று, நீரிழப்பு, இரத்தச் சர்க்கரை அல்லது உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை இதற்குக் காரணமாகலாம். முதியோர் சிலருக்குக் கோவிட் நோய் காய்ச்சலோ இருமலோ இன்றி இவ்வடிவிலேயே வெளிப்பட்டது. இது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை கொடுத்தால் குழப்பமும் கீழே விழும் ஆபத்தும் கூடும்.

2. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு: விருப்பமானவற்றில் நாட்டமின்மை, உணவைத் தள்ளுதல், விடியுமுன் விழித்தல், “நான் யாருக்கும் பாரம்” என்ற பேச்சு. முதியோர் பலர் கவலை என்று சொல்வதில்லை. மார்பு அடைக்கிறது, உடம்பெல்லாம் வலி என்பர். இது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவத்தால் இது குணமாகும். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது.

3. பல மாதங்களாக மெல்ல வளர்ந்த மறதி: இது டிமென்ஷியாவாக இருக்கலாம். தனிமைப்படுத்தும் காலத்தில் இது விரைந்து மோசமடைவதுண்டு. அன்றாட ஒழுங்கு மாறாமையே இவர்களுக்குப் பெருந்துணை.

“வாழ்ந்தது போதும்” என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

கதவு மூடியிருக்கும்போது செய்யத்தக்கவை

குறித்த நேரத்தில் பேசுங்கள். என்றோ ஒருநாள் ஒரு மணி நேரம் பேசுவதைக் காட்டிலும், செவ்வாய், வெள்ளி மாலை 5 மணிக்குப் பத்து நிமிடம் என்று வரையறுத்துப் பேசுவது நன்று. முதியவர் அந்நேரத்துக்காகக் காத்திருப்பார்; காத்திருத்தலே நாளுக்கு ஒரு வடிவம் தரும். சொன்ன நேரம் தவறினால் அவர் பெரிதும் வருந்துவார் என்பதையும் மறவாதீர்கள்.

காணொளி அழைப்புக்கு முன் கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவிக்குமாறு பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுக. “சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா” என்பவற்றோடு நிறுத்திவிடாமல், அவர் அறிந்ததைக் கேளுங்கள். மணிலாவுக்கு எப்போது களை எடுப்பது, மேல்மலையனூர் அமாவாசைக்கு அக்காலத்தில் எப்படிப் போனீர்கள், வத்தக்குழம்பில் புளி எவ்வளவு என்று கேட்கும்போது அவர் மீண்டும் வீட்டின் மூத்தவராகிறார்.

பேசிமுடித்ததும் அம்மா அழுகிறார், ஆகவே பேசாதிருப்பதே நல்லது என்று சில குடும்பத்தினர் அழைப்பைக் குறைத்துவிடுகின்றனர். அவ்வழுகை உறவு உயிரோடிருப்பதன் அடையாளம். அழைப்பு நின்றபின் வரும் மௌனமே அஞ்சத்தக்கது.

அலைபேசி ஒவ்வாதவர்க்குப் பெரிய எழுத்தில் கடிதம் எழுதுங்கள். பெயர் எழுதிய குடும்பப் படங்களை அனுப்புங்கள். புதுச்சேரி வானொலியைக் கேட்டுப் பழகியவருக்கு ஒரு சிறு வானொலிப் பெட்டி நல்ல துணையாகும். அறையில் தனித்திருப்பவரின் கண்ணெதிரே கடிகாரமும் நாட்காட்டியும் இருக்கட்டும்.

இறப்புச் செய்தியை மறைக்கலாமா?

பெருந்தொற்றுக் காலத்தில் குடும்பங்கள் எதிர்கொண்ட மிகக் கடினமான கேள்வி இது. தம்பி இறந்ததை அக்காவுக்குச் சொல்லாமல், “ஊரில் இருக்கிறார், பிறகு பேசுவார்” என்று நாள் கடத்தியவர் பலர். அன்பினால் செய்ததே எனினும், மூத்தோர் குரல் மாற்றத்திலேயே உய்த்துணர்வர். உண்மை பிறர் வாயிலாகத் தெரியவரும்போது, துயரத்தோடு நம்பிக்கை இழப்பும் சேர்ந்துகொள்ளும்.

நினைவு தெளிவாக உள்ளவரிடம் சொல்லிவிடுவதே முறை. அவர் மிகவும் நம்புபவர் சொல்லட்டும். அருகில் பணியாளர் ஒருவர் இருக்கட்டும். “இறந்துவிட்டார்” என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லி, அழவிட்டு, கேட்பனவற்றுக்கு விடை கூறுங்கள். காரியத்துக்கு வர இயலாதவர் பதினாறாம் நாளன்று அதே நேரத்தில் இல்லத்திலேயே படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்ற ஏற்பாடு செய்யலாம். மறதி நோய் உள்ளவரிடம் ஒருமுறை சொன்னால் போதும். அவர் மறந்து மீண்டும் கேட்கும்போதெல்லாம் புதிதாக அதிர்ச்சி தராமல், “தம்பியை நினைத்துக்கொண்டீர்களா? அவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று நினைவுகளின்பால் திருப்புங்கள்.

இல்லத்தாரிடம் கேட்க வேண்டியவை

நெதர்லாந்து நாட்டில் 2020 மார்ச் மாதம் இல்லங்கள் அனைத்தும் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டன. மே மாதம் 26 இல்லங்களில் மட்டும், ஒரு முதியவருக்கு ஒரு பார்வையாளர் என்ற விதிப்படி கதவு திறக்கப்பட்டது. விதிகள் பெரிதும் பின்பற்றப்பட்டன. முதியோரின் நலம் மேம்பட்டதாகப் பணியாளர்கள் கூறினர். இதைப் போன்ற ஏற்பாட்டை நம் இல்லங்களிலும் வேண்டலாம். பின்வருவனவற்றை நோய்ப் பரவலுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

• வாயில் மூடப்பட்டால், ஒரு குடும்பத்துக்கு ஒருவர் என, முகக்கவசத்துடன் திறந்தவெளியில் மரத்தடியிலோ சன்னல் வழியாகவோ காண இயலுமா?
• எங்களுடன் தொடர்பு கொள்ளும் பணியாளர் யார்? எந்த நேரத்தில் அழைக்கலாம்?
• உணவு, உறக்கம், உடல் எடை ஆகியவற்றைக் குறித்து வைப்பவர் யார்?
• நாள்தோறும் சிறிது நேரம் வெளியே நடக்கவும் இளவெயிலில் அமரவும் வழி உண்டா?
• இறுதி நிலையில் உள்ளவரைக் காணக் குடும்பத்தினர் அனுமதிக்கப்படுவார்களா?

உதவி பெறும் இடங்கள்

முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். திண்டிவனம் பகுதியினர் முதலில் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம்.

நினைவிற்கொள்க

• திடீர்க் குழப்பம் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுக.
• இரண்டு வாரம் கடந்த சோர்வை முதுமை என்று தள்ளாதீர்கள்.
• சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் பேசுக.
• துயரச் செய்தியைப் பரிவோடு சொல்லுக, மறைக்காதீர்கள்.

இதை வாசித்து முடித்ததும், இல்லத்திலிருக்கும் உங்கள் மூத்தவரை இன்றே ஒருமுறை அழைத்து, அடுத்த அழைப்பு எந்நாள், எந்நேரம் என்பதையும் சொல்லிவையுங்கள்.