ஹைப்ரிட் கார் வாங்கப் போறீங்களா?

ஷோரூமில் 'ஹைப்ரிட்' என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். மைல்டா, ஸ்ட்ராங்கா என்று முதலில் கேளுங்கள். மைல்டில் மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான் நெரிசலில் இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியிலேயே ஊர்ந்து போகும். சார்ஜர் தேவையில்லை, பிரேக் பிடிக்கும்போதே ஓரளவு மின்சாரம் திரும்பச் சேரும். 2022-ல் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் எல்லாம் வந்த பிறகு இந்த ரகத்தைத் தேடி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள்.

தினமும் கிண்டி, வடபழனி போன்ற சிக்னல்களில் நின்று நின்று போகிறவர்களுக்கு இது நிச்சயம் லாபம். நெடுஞ்சாலையிலேயே ஓடுபவர்களுக்கு மைலேஜ் வித்தியாசம் குறைவு. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று கணக்குப் போட்டு, பெட்ரோல் மாடலைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று பாருங்கள். மாதம் முந்நூறு, நானூறு கிலோமீட்டர்தான் என்றால் சாதாரண பெட்ரோல் காரே போதும் என்பேன்.

டிக்கியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். சில மாடல்களில் பேட்டரி அங்கே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊருக்குப் போகும் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தே பாருங்கள். பேட்டரி வாரண்டியைத் தனியாகக் கேளுங்கள்; டொயோட்டா 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. தருகிறது.

பல கார்களில் பின்சீட்டுப் பக்கம் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை இருக்கும். அதைப் பையாலோ சீட் கவராலோ மூடிவிடாதீர்கள். சர்வீஸின்போது அதன் ஃபில்டரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.